மூன்று தட்டு

இன்ஜின் நின்று கால் மணி நேரமாகியும் கண்ணாடிக் குடுவைக்குள் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அலை இருந்தால் அப்படி ஆடும்தான். ஆனால் வெளியே ஏரி தகடுபோலக் கிடந்தது, நாணல்கூட அசையவில்லை. மெக்கானிக் இன்ஜின் அறைக்குள் மண்டியிட்டபடி அதையே பார்த்தார். ஏறியது. சற்று நின்றது. இறங்கியது. படகின் அடித்துளையில் வாயை வைத்து யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது.

"கண்ணு பூத்துப்போச்சு" என்று தன்னையே கடிந்துகொண்டு வால்வைத் திருகி மூடினார். குடுவை அடங்கியது.

ஏரித் தண்ணீர் அந்த அடித்துளை வழியாக ஏறி, குப்பையைக் குடுவையில் விட்டுவிட்டு, பம்ப்புக்குப் போய் இன்ஜினைக் குளிரவைக்க வேண்டும். துளை அடைத்துக்கொண்டதால் பம்ப் வெறுமனே சுற்றி, உள்ளே இருந்த ரப்பர் சக்கரத்தின் ஆறு இதழ்களில் இரண்டு பிய்ந்திருந்தன. கருகிய ரப்பர் வாடையும் டீசல் வாடையும் அந்தத் தாழ்ந்த அறையில் கலந்து நின்றன. பிய்ந்த இதழ்கள் இரண்டையும் குழாய்க்குள் குறடு விட்டுத் தேடி எடுத்தார். ஒன்று உள்ளே தங்கினாலும் மறுபடி அடைத்துக்கொள்ளும். புதுச் சக்கரத்துக்குச் சோப்புத் தடவி, இதழ்களை ஒரே பக்கமாக மடக்கி, உள்ளே திருகினார். பம்ப் தயார். அடித்துளைதான் பாக்கி.

அதற்கு ஒருவர் தண்ணீரில் இறங்கியாக வேண்டும்.

"நான் எறங்குறேன் அத்தான்" என்றான் மேலிருந்து எட்டிப் பார்த்த மச்சினன். படகு ஓட்டுவது அவன்தான். "உங்க தொப்பையோட நீங்க எறங்குனா ஏரித் தண்ணி கரைமேல ஏறிடும்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அவன் கட்டைவிரலில் தகரம் கிழித்ததற்கு நீலத் துணி சுற்றிவிடும்போதே அவர் மனைவி சொல்லியிருந்தாள்: "எனக்கு இருக்குறது ஒரே தம்பி. அவனத் தண்ணில மட்டும் எறக்கிடாதீங்க." அவரும் பெரிய மனிதர்போல் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். ஆனால் வேறு வழியில்லை. செல்போனில் சிக்னல் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் நாணலைத் தவிர வேறொன்றும் இல்லை, பொழுதும் சாயத் தொடங்கியிருந்தது.

"கியர் நியூட்ரல்ல இருக்கா? அடியில விசிறி சுத்திடக் கூடாது" என்று கேட்டார்.

"இருக்கு அத்தான்."

"மேல ஏறி வந்தப்புறம் ஒரு தட்டு. அதுக்கு முன்னாடி நான் பட்டனத் தொடமாட்டேன்."

அவர்களுடைய பழக்கம் அது. இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் பலகையில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு, ஸ்டார்ட் பண்ணு. இரண்டு தட்டு, நிறுத்து. மூன்று தட்டு, மேலே வா. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

தண்ணீரில் அவன் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு காலுக்கடியில், பலகையின் மறுபுறம், அவன் கை துழாவும் சத்தம். வால்வைத் திறந்துவைத்தார். குடுவைக்குள் பாசியும் நாரும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன.

துழாவல் நின்றது.

மேல்தளத்தில் காலடிகள் கேட்டன. நிதானமான, கனத்த காலடிகள். இவன் எப்போது ஏறினான் என்று மெக்கானிக் நினைப்பதற்குள் தலைக்குமேல் இருந்த மூடிப்பலகை சாத்திக்கொண்டது. வெளிச்சம் போய், சின்ன பல்பு மட்டும் மிஞ்சியது.

"டேய், ஏன்டா மூடுற?"

முதுகைக் கொடுத்து முட்டித் தள்ளினார். பலகை அசையவில்லை. மேலே ஏதோ பாரம் உட்கார்ந்திருந்தது.

"விளையாடாத மாப்ள. சுத்தம் பண்ணிட்டியா?"

"இருக்கு அத்தான்."

அவன் குரல்தான். அதே இழுப்பு.

"என்ன இருக்கு? விரலு எரியுதா?"

"இருக்கு அத்தான்."

காதில் தண்ணீர் ஏறியிருக்கும், அதுதான் உளறுகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பெட்டிபோன்ற அந்த அறைக்குள் மூச்சு முட்டியது. சீக்கிரம் கிளம்பிவிட்டால் போதும், கரைக்குப் போய் இவனை நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

டக்.

ஒரு தட்டு. தலைக்குமேல், பலகையில், தெளிவாக.

பட்டனை அழுத்தினார்.

இன்ஜின் உறுமியது. பம்ப் இழுத்தது. குடுவைக்குள் தண்ணீர் சுழன்று ஓடியது. அப்பாடா என்று நிமிர்ந்து, மூடிப்பலகையின் இடுக்கைப் பார்த்தார்.

காய்ந்திருந்தது.

தண்ணீரிலிருந்து ஏறி வந்தவன் மேலே உட்கார்ந்திருந்தால் சொட்டியிருக்க வேண்டும். ஒரு சொட்டுகூட இல்லை.

டக் டக்.

காலுக்கடியிலிருந்து.

டக் டக். டக் டக். டக் டக்.

நிறுத்து. நிறுத்து. நிறுத்து.

கை பட்டனுக்குப் பாய்ந்தது. அதற்குமுன் மேலே கியர்த் தடி விழுந்த சத்தம் கேட்டது. படகு ஒருமுறை குலுங்கியது. அடியில் ஏதோ மோதியது. மெத்தென்று.

இன்ஜினை நிறுத்தினார். யார் பெயரையோ கத்தினார், என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

தட்டல் இல்லை.

பல்பு வெளிச்சத்தில் குடுவை சிவந்துகொண்டே வந்தது. சுழல் மெல்ல அடங்கியது. அதன் அடியில் நீலத் துணி ஒன்று, முடிச்சு அவிழாமல், விரல் அளவு வளையமாகப் படிந்தது.

"மாப்ள" என்றார். "தம்பி..."

"இருக்கு அத்தான்" என்று மேலிருந்து பதில் வந்தது.

டக்.

டக்.

டக்.

அவர் மூடிப்பலகை திறந்துவிடாதபடி இரண்டு கையாலும் அதன் உள்பிடியைப் பற்றிக் கீழே இழுத்தார். உடல் கனம் முழுவதையும் போட்டுத் தொங்கினார். சற்றுமுன் முட்டியும் அசையாத பலகை, அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, மெதுவாகத் திறந்தது.