சூட்டறையில் ஈரம்

வாரக்கணக்கில் சூட்டறையில் கிடந்த பலகைகள், வெளியே இழுத்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அவள் ஒன்றைத் தடவிப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. விரலில் ஒட்டியது தண்ணீர் மட்டுமல்ல, செம்மண்ணும்.

மலைக்காட்டில் வெட்டும் மரமெல்லாம் அந்த மில்லுக்குத்தான் வரும். அறுத்த பலகைகளை இரும்புக் கதவு போட்ட பெரிய அறையில் அடுக்கி, சுவரோரக் குழாய்களில் ஆவியை ஓடவிட்டுக் காய வைப்பார்கள். அந்த ஆவிக்கு பாய்லரில் விறகு தள்ளுவது அவள் வேலை. வேறு யாராக இருந்தாலும் சூப்பர்வைசர் வாயில் வந்தபடி திட்டியிருப்பார். பலகைகளைத் திரும்ப உள்ளே தள்ளச் சொல்லிவிட்டு, அவளிடம் குரலைத் தாழ்த்தி, குழாய் எங்கேயோ ஒழுகுது போல, நாளைக்கு ஆள் வந்து பார்க்கட்டும், நீ வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படும்மா என்றார். மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஊரே அவளிடம் அப்படித்தான் பேசியது.

அந்த மழையில்தான், மரம் முழுக்க வெட்டி மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவு வழுக்கிக்கொண்டு வந்து அவர்கள் வீட்டு வரிசை மேல் விழுந்தது. அவள் மில்லில் இருந்தாள். புருஷன் லாரியில் இருந்தான். காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாத மகள் மட்டும் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். எந்திரம் வைத்துத் தோண்டினார்கள். கூரைத் தகரம் கிடைத்தது. பாத்திரங்கள் கிடைத்தன. பிள்ளை கிடைக்கவில்லை. ‘சிட்டு, சிட்டு’ என்று மண்ணைப் பார்த்துக் கத்திக் கத்தியே புருஷனுக்குத் தொண்டை போய்விட்டது. பிறகு, சரிவோடு சாய்ந்து வந்த மரங்களையும் வீணாக்காமல் மில்லுக்கே ஏற்றினார்கள். இப்போது சூட்டறைக்குள் அடுக்கியிருப்பது அந்த மரம்தான்.

வீட்டுக்குப் போய் என்ன செய்வது? வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறையில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அவள் போகவில்லை. சாயங்காலப் பனி இறங்கி மரக்குவியலை மூடியது, முற்றத்தை மூடியது, கேட்டையும் மூடியது. ரம்பம் நின்று, ஆட்களின் பேச்சும் சரிவில் இறங்கி மறைந்தது. பாய்லரின் உறுமலும், மரத்தூளின் புளித்த வாசனையும், அவளும்தான் மிச்சம். அப்போதுதான் சூட்டறைக்குள்ளிருந்து அது கேட்டது. சூட்டில் பலகை விரிகிற சத்தம் அவளுக்குத் தெரியும், குழாயில் ஆவி சீறுவதும் தெரியும், இது இரண்டுமில்லை, பல்லோடு பல் தந்தியடிக்கிற மாதிரி, சன்னமாக, விட்டு விட்டு, இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம், அவள் இடுப்பு உயரத்தில்.

கதவில் காதை வைத்தாள். கொதிக்க வேண்டிய இரும்பு ஜில்லிட்டது.

“அம்மா.”

அவள் காதை இன்னும் அழுத்தினாள்.

“குளிருதும்மா.”

கத்தியிருந்தால் கேட்டிலிருந்து காவலாளி வந்திருப்பார். அவள் கத்தவில்லை. பாய்லரை நோக்கி ஓடினாள். விறகை வாரி வாரித் திணித்தாள். பிறகு தாழ்ப்பாளை நெம்பினாள்.

உள்ளே ஆவி. இருட்டு. அடுக்குகளுக்கு நடுவில் ஒரு சந்து. அதன் கடைசியில், சின்னதாக ஒன்று முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. தலையிலிருந்து கால்வரை சேறு. நடுங்கிக்கொண்டிருந்தது.

இது உன் பிள்ளை இல்லை என்றது உடம்பு. அந்தக் கழுத்தின் சாய்வைப் பார்த்த பிறகு மனசு கேட்குமா?

“நான் கூப்பிட்டேன்மா. மேல எல்லாரும் நடந்தாங்க. யாருக்கும் கேக்கல.”

அவள் வாரி அணைத்துக்கொண்டாள். குளிர் எலும்புவரை இறங்கியது. விடவில்லை. குழாய்கள் சீறின. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. சேறு வெளுத்தது.

“இப்போ பரவால்லையா தங்கம்?”

“ம்.”

கைக்குள் ஏதோ விரிசல் விட்டது. தோளில் ஒரு கீறல். வறண்ட குளத்து மண்ணைப் போல. தொட்ட இடம் பொடியாக உதிர்ந்தது. உள்ளே சதை இல்லை. மண். அதற்கும் உள்ளே, வேர்.

பிடியைத் தளர்த்தினாள். சரிந்தது. இறுக்கினாள். நொறுங்கியது.

ஆவியை நிறுத்தணும். வெளியே போகணும். எழுந்திருக்கப் பார்த்தாள்.

ஒரு சின்னக் கை அவள் விரலைப் பிடித்தது.

தலை மெல்லத் திரும்பியது. கண் இல்லை. மூக்கு இல்லை. வழித்துவிட்ட மாதிரி வெறும் மண். அதன் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. திறந்தது.

“போகாதம்மா.”

“போகலடா. அம்மா எங்கயும் போகல.”

மறுபடி அணைத்துக்கொண்டாள். நெஞ்சோடு சேர்த்து. அணைக்க அணைக்கக் குறைந்தது. மடி நிறைந்தது. கடைசியில் அணைப்பதற்கு எதுவும் இல்லை.

அந்தக் கை மட்டும் இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றுமே இல்லாமல், இளஞ்சூடாக, அவள் விரலை இன்னும் கெட்டியாகப் பற்றிக்கொண்டு.