கிருத்திகை நூல்

"அகிலா! அடுப்பை அணைச்சிட்டு இங்க வாம்மா. வந்து உன் கண்ணாலயே பாரு!"

காவேரியின் குரலில் 'ம்மா' இருந்தது, கனிவு இல்லை. கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்த அகிலாவின் கை அப்படியே நின்றது. ஐப்பசிக் கிருத்திகை. போன மாதத்திலிருந்தே இந்தக் காலையை நினைத்துத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

தறிக் கூடத்துச் சன்னலோரம் ஓர் ஆணி. அதில் பட்டு நூல்கள் வரிசையாகத் தொங்கின. மாதாமாதம் கிருத்திகையன்று காவேரி தன் தம்பி மகன் ஏகனைக் குளிப்பாட்டி நிற்கவைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை பட்டு நூலைப் பிடித்து அறுப்பாள். நூல் சுருளாமல் தொங்க வேண்டும் என்பதற்காக நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி ஆணியில் மாட்டுவாள். புது நட்டு பழைய நட்டைவிடத் தாழ்ந்து நின்றால் பிள்ளை வளர்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

சித்திரையிலும் வைகாசியிலும் தாழ்ந்துதான் நின்றது. மழை பிடித்த பிறகு ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று நட்டுகளும் ஒரே வரிசையில் நின்றன. ஏகன் அவற்றைத் தட்டிவிட்டு, "டிங்! டிங்!" என்று சிரித்தான்.

"சிரிக்கிறான் பாரு, ஒண்ணும் தெரியாத புள்ள..." காவேரி முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். "புரட்டாசியில வளரல. இப்பவும் வளரல. இன்னா போடுற நீ இவனுக்கு?"

"கூழு, பருப்பு சாதம், பழம்... எல்லாம் நேரத்துக்குத்தான் குடுக்கிறேன் அண்ணி." கணவனின் அக்காவை அகிலா அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். "அங்கன்வாடியில எடை சரியா இருக்குதுன்னு சொன்னாங்களே..."

"எடை! என் புள்ளைக்கும் எடை ஏறிக்கினுதான் இருந்துது. அது வீக்கம்னு சொல்ல ஒரு நாதி இல்ல அன்னிக்கி!"

காவேரியின் மகன் இரண்டு வயது முடியாமலே போனவன். பிறகு கணவனும் போக, தாமலில் இருந்த மாமியார் வீட்டை விட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் அவள். அந்தப் பேச்சை எடுத்தால் யாரும் எதிரே நிற்க முடியாது.

"சாயங்காலமானா தையல் கிளாஸு. புள்ளைக்குப் பசிக்குதா, தூங்குதான்னு யாருக்குத் தெரியும்?"

"கிளாஸை விட்டுட்டேனே அண்ணி. போன மாசமே..."

"விட்டு? புள்ள வளந்துட்டானா? மழை விடட்டும். வெள்ளிக்கிழமை இவனைத் தாமலுக்குக் கூட்டிக்கினு போறேன். என் மாமியார் ஊட்டுல ரெண்டு கறவை மாடு இருக்குது. அங்கேயே இருக்கட்டும் ஒரு வருஷம்."

ஒரு வருஷம்! அகிலா கணவனைப் பார்த்தாள். சிவபாலன் தறியை விட்டு நிமிரவில்லை. "இந்த மழையில பாவு தொய்ஞ்சி கெடக்குது. நேத்துதான் இழுத்துக் கட்டினேன், மறுபடியும் தொங்குது..." என்று நீளவாக்கில் கட்டியிருந்த பட்டு இழைகளை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தான். தன்னைப் பெற்றவள் போல வளர்த்த அக்காவை அவன் எதிர்த்துப் பேசியதே இல்லை.

மறுநாள் மத்தியானம். ஏகன் தூங்கிக்கொண்டிருந்தான். அகிலா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மெதுவாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையிலிருந்து கால் வரை தன் கையால் சாண் வைத்தாள். ஆவணியில் சரியாக நாலு சாண் இருந்தவன். இப்போது... நாலு சாண், அதற்கு மேல் மூன்று விரல்!

மனசு ஒரு நிமிஷம் துள்ளியது. உடனே சந்தேகம் வந்தது. கை வளையல் நழுவி முழங்கை வரை போய் நின்றது. ராத்திரிச் சோற்றை நிறுத்தி, தன் பங்குப் பாலையும் பிள்ளைக்கே ஊற்ற ஆரம்பித்து எத்தனை நாளாயிற்று! பிள்ளை வளர்ந்தானா, இல்லை தன் கைதான் இளைத்துச் சிறுத்துவிட்டதா? இதைக் கொண்டு போய் யாரிடம் சொல்வது?

குழந்தையைப் போர்த்திவிட்டுக் கூடத்துக்கு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். ஆணிக்குப் பக்கத்தில் காவேரி. பழைய நூல்களை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழாக உருவிவிட்டுக்கொண்டிருந்தாள். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன.

இழுத்து நீட்டுகிறாளா?

பழைய நூல் நீண்டால் புது நூல் தாழாது. தாழாவிட்டால் பிள்ளை தாமலுக்குப் போவான்... போன பிள்ளைக்கு ஈடாக என் பிள்ளையா கிடைத்தான் அண்ணிக்கு? அப்படி நினைத்த மறுகணமே தன்னைத் திட்டிக்கொண்டாள். ஏகனுக்குக் காய்ச்சல் கண்டபோது இரண்டு நாள் மடியை விட்டு இறக்காதவள் அண்ணி. ஆனாலும் சந்தேகம் பல்லில் சிக்கிய நார் மாதிரி போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, மழைதான் விடவில்லை. காவேரி குடையும் பையுமாகத் தயாராகிவிட்டாள். ஏகனுக்குப் புதுச் சட்டை. "அத்த, பஸ்ஸு!" என்று அவன் குதித்தான்.

"அண்ணி!" அகிலா வழியை மறித்து நின்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கூட்டிக்கினு போங்க. ஆனா இங்கயே, என் எதிர்ல ஒருவாட்டி அளந்துட்டுப் போங்க. எவ்ளோ உயரத்துல குடுத்தேன்னு எனக்கும் தெரியணும்."

"இன்னா, என்னையே சந்தேகப்படுறியா?"

"நீங்க என்னைப் படலையா?"

காவேரி வெடுக்கென்று திரும்பிக் கிருத்திகையன்று அறுத்த நூலை ஆணியிலிருந்து எடுத்தாள். ஏகனை நிற்கவைத்து, நூலின் தலைப்பை அவன் உச்சந்தலையில் வைத்தாள். நட்டு அவன் குதிகாலுக்குப் பக்கத்தில் தொங்கியிருக்க வேண்டும்.

'டக்.' நட்டு தரையில் படுத்தது. நூல் ஒரு விரல் அளவுக்குத் தொய்ந்து குழந்தையின் காலில் விழுந்தது.

காவேரி மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே 'டக்'.

"நான் என் கையால அளந்து அறுத்த நூலு... அதுக்குள்ள புள்ள குள்ளமாயிட்டானா?" அவள் முகம் சிவந்தது. "நூலை மாத்திட்ட! நான் கூட்டிக்கினு போவக் கூடாதுன்னு நூலை மாத்திட்ட நீ! சோறு போடாதவதான்னு நெனச்சேன், திருட்டுத்தனமும் தெரியும் போல!"

"நான் தொடல அண்ணி!"

"பொய்! அப்புறம் எப்பிடி நீண்டுது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் தறிக்காரன் ஊட்டுல பொறக்கலியே! என் அப்பா ஆட்டோ ஓட்டினவரு!" அடக்கி வைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அகிலா தறியை நோக்கிக் கை நீட்டினாள். "அதோ, அவர் தறியில தொங்குதே... தெனமும் இழுத்துக் கட்டறாரே, அதையும் நான்தான் தொட்டேனா? அதையும் நான்தான் நீட்டினேனா?"

சிவபாலன் எழுந்துவிட்டான். தொய்ந்து கிடந்த பாவைப் பார்த்தான். சன்னலில் அடித்த சாரலைப் பார்த்தான். ஆணியில் இரும்பைச் சுமந்து தொங்கிய நூல்களைப் பார்த்தான்.

"அக்கா..." என்றான் மெதுவாக. "ஈரத்துல பட்டு நீளும். அதுல நட்டு வேற கட்டியிருக்கிற. நமக்குத் தெரியாததா அக்கா இது?"

காவேரியின் கையிலிருந்து நூல் நழுவியது. நடை பழகிய நாளிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் அவள். அறுத்த அன்று புது நூல் வளர்ந்த பிள்ளையைத்தான் சொன்னது. பழைய நூல்கள் ஈரத்தில் நீண்டு அதை மறைத்துவிட்டன. மூன்று மாதமாக வளர்ந்தது பிள்ளை மட்டுமல்ல.

"ஐயோ... ஐயோ, நான் இன்னா பண்ணிட்டேன்!" அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் புள்ள வளரலேன்னு அன்னிக்கி நான் கவனிக்கல அகிலா... அளந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே... அந்த பயத்துலதான்... இவனையாவது வுடக் கூடாதுன்னுதான்... தெனம் அந்த நூலைத் தடவித் தடவி, முருகா வளத்து வுடுப்பான்னு வேண்டிக்கினு கெடந்தேனே..."

தடவித் தடவி! அகிலா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "நானும் உங்களைத் தப்பா நெனச்சேன் அண்ணி... நீங்க இழுத்து வுடுறீங்கன்னு..."

இருவரும் அழுவதைப் பார்த்து ஏகனும் உதட்டைப் பிதுக்கினான். "பஸ்ஸு?"

"பஸ்ஸும் இல்ல, ஒண்ணும் இல்லடா என் ராசா!" காவேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நூல்களை ஆணியோடு சேர்த்துப் பிடுங்கினாள். நட்டுகளை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள், விளையாட அல்ல, சிவபாலனிடம் கொண்டு போய்க் கொடுக்க. பிறகு அவனைப் பாயில் படுக்க வைத்தாள்.

"என் அளவு எனக்கு வேணாம். உன் கையால நீ அள."

"அண்ணி, ஏற்கெனவே... நான் அளந்து பாத்தேன். என் கைதான் இளைச்சிடுச்சோன்னு..."

"அளடி!"

அகிலா சாண் வைத்தாள். கூச்சத்தில் ஏகன் நெளிந்து நெளிந்து சிரித்தான். "நாலு சாண்... மூணு விரல், அண்ணி."

அந்த மூன்று விரல்களையும் காவேரி பிடித்துக்கொண்டாள், விடவில்லை. வளையல் சரிந்து முழங்கையில் போய் நின்றது. அதை அவள் இன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவன் வளந்துக்கினுதான் இருந்தான்," என்றாள் உடைந்த குரலில். "தேஞ்சது நீதானா?"

சிவபாலனைத் தட்டுக் கொண்டுவரச் சொன்னாள். தாமலுக்கு எடுத்துப்போகக் கட்டியிருந்த தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுப் பிசைந்தாள். ஏகன் வழக்கம்போல வாயைத் திறந்துகொண்டு முன்னால் வந்து நின்றான்.

முதல் கவளம் அவனுக்குப் போகவில்லை.