டெஸ்டர் தம்பி, பிளையர் அப்பா

நாளைக்குப் பரீட்சை. வாலுவுக்கு அல்ல, அவள் அம்மாவுக்கு.

அரசாங்கத்தின் இலவசப் பயிற்சி நிலையத்தில் அம்மா மூன்று மாதமாக வயரிங் வேலை கற்றுக்கொள்கிறாள். முன்பு வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தவள், இப்போது கண் மூடித் திறப்பதற்குள் சுவிட்சு மாட்டிவிடுவாள். கருவிகளின் பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை.

"இது என்னம்மா?" என்று ஒரு கருவியைத் தூக்கிக் காட்டினாள் வாலு.

"கடிக்கிறது."

"இது?"

"உரிக்கிறது."

"இது கருவிப் பெட்டியா, மிருகக்காட்சிசாலையா?"

அம்மா சிரிக்கவில்லை. "பேரு சொல்லலேன்னா சான்றிதழ் தர மாட்டாங்கடி. அது இல்லேன்னா எவன் வேலை குடுப்பான்? மறுபடியும் பாத்திரம்தான்."

அப்போது தம்பி, ஆற வைத்த பாலில் விரலை விட்டுப் பார்த்தான். வாலுவின் கண்கள் பளிச்சிட்டன.

"அம்மா, கரண்ட் இருக்கான்னு தொட்டுப் பாக்கறது டெஸ்டர். நம்ம வீட்டுல எதையும் தொட்டுப் பாக்காம விடாதது யாரு?"

அம்மா தம்பியைப் பார்த்தாள். "டெஸ்டர், கையை எடுடா."

சாலையைக் கடக்கும்போது பிடித்த கையை விடவே மாட்டார் அப்பா. அவர் பிளையர். திட்ட ஆரம்பித்தால் தோலை உரித்துவிடும் மாடி வீட்டு அத்தை, வயர் ஸ்ட்ரிப்பர்.

"பிளையர், சாப்பிட வாங்க" என்றாள் அம்மா.

"கட்டின புருஷனுக்கு நல்ல மரியாதை" என்றபடி வந்து உட்கார்ந்தார் அப்பா.

"அப்ப நான் யாரு?" என்றாள் வாலு.

"நீ வாலுதான்" என்றாள் அம்மா. வாலுவின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

மறுநாள் பள்ளி விடுமுறை. வாலுவும் தம்பியும் பயிற்சி நிலையத்தின் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள்.

தேர்வு நடத்தும் மேடம் ஒரு கருவியைத் தூக்கிக் காட்டினார்.

"எங்க வீட்டுக்கார..." அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பிளையர் மேடம்."

"இது?"

"மாடி வீட்டு... இல்ல, வயர் ஸ்ட்ரிப்பர்."

"இது?"

"டெஸ்டர்."

"என்னம்மா?" என்று ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தான் தம்பி.

வகுப்பே சிரித்தது. மேடமும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வட்டமான ஒரு கறுப்புச் சுருளை எடுத்தார். "கடைசிக் கேள்வி. இது என்ன, எதுக்கு?"

வாலு ஜன்னலில் இன்னும் எக்கிப் பார்த்தாள். இதற்கு அவள் யாரையும் சொல்லித் தரவில்லையே.

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். "இன்சுலேஷன் டேப் மேடம். வயர் மேல சுத்தி ஒட்டிட்டா, நமக்கு ஷாக் அடிக்காமக் காப்பாத்தும்."

"பாஸ்" என்றார் மேடம்.

சான்றிதழோடு வெளியே வந்த அம்மாவிடம் வாலு ஓடினாள். "டேப்புக்கு நாம ஆளே வெக்கலையேம்மா. எப்படி ஞாபகம் வந்தது?"

"நீ வெக்கல. நான் வெச்சேன்" என்று அவள் மூக்கைத் திருகினாள் அம்மா.

வாலுவுக்குப் புரிந்தது. அம்மாவின் இடுப்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டவள், வீடு வந்து சேரும்வரை பிரிந்து வரவே இல்லை.