தெரியாதவர் போல

பால் பொங்கி வழிவதைப் பார்த்தும் அவள் உடனே அடுப்பை அணைக்கவில்லை. நாத்தனார் பேசிக்கொண்டிருந்தாள். நாத்தனார் பேசும்போது நடுவில் கை அசைந்தால்கூட அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடிக்கப்படும்.

“இன்னிக்கும் பாப்பாவைக் கூட்டிட்டுப் போறியா?”

“ஆமாக்கா.”

“வீட்டுல இருக்கிறவங்ககிட்டப் பேச வாய் வரல. அங்க போய்க் கதவைச் சாத்திக்கிட்டா மட்டும் வருதாக்கும். காது குடுத்துக் கேக்குறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ரூமு. நானுந்தான் இந்த வீட்டுல எல்லார் புலம்பலையும் கேக்குறேன். எனக்கு யாரு போர்டு மாட்டுனா?”

செய்தித்தாளுக்குப் பின்னால் கணவர் லேசாகச் சிரித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார். பஸ் டிப்போவில் என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற மனிதர். எதையும் கழற்றிப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்.

“அக்கா சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான். இவ்வளவு நாளாப் போறா. என்ன மாறியிருக்கு?” என்றார்.

“எப்படி மாறும்?” நாத்தனாரின் குரல் தாழ்ந்தது. அது தாழும்போதுதான் அதிகம் குத்தும். “சின்னத் தம்பியை இந்த வாசலைத் தாண்ட வெச்சவ இவ. அவன் எங்கேயோ அநாதையாக் கிடந்து போய்ச் சேந்தான். இப்ப பெத்த மகளே இவகிட்ட வாய் திறக்கறதில்ல. காரணம் வீட்டுக்குள்ள இருக்கு. இவ வெளிய தேடுறா...”

அவள் அடுப்பை அணைத்து, துணியை எடுத்துத் துடைத்தாள். நைந்துபோன பழைய தலையணை உறை அது. நாத்தனார் அதையும் விடவில்லை.

“தையல் வகுப்பு, தையல் வகுப்புன்னு வாராவாரம் ஓடினியே ஒரு காலத்துல. இதுல ஒரு ஒட்டுப் போடத் துப்பிருக்கா?”

மேசை ஓரத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிப் படிப்பு முடியப்போகிற வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான். தையல் வகுப்பு என்ற பேச்சு வந்ததும் அவள் விரல்கள் டீக்கோப்பையை இறுக்கிக்கொண்டன. அம்மா அதைப் பார்த்தாள். வெறுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

“பாப்பா, குடை எடுத்துக்கிட்டியா?”

“ம்.”

சித்தப்பா இறந்ததிலிருந்து அம்மாவுக்குக் கிடைப்பது இந்த ‘ம்’ ஒன்றுதான். அப்பாவிடம் பேசுவாள். அத்தையிடம் தேவைக்குப் பேசுவாள். அம்மாவிடம் மட்டும் உதடு பிரியாத இந்த ஒலி. பிள்ளை வர வர வகுப்பிலும் வாய் திறப்பதில்லை என்று ஆசிரியைதான் மனநல ஆலோசகரான ஒரு பெண்மணியிடம் அனுப்பி வைத்தார்.

“இன்னிக்கோட நிறுத்திடுறேன்க்கா,” என்றாள் அவள்.

மகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

நாத்தனாரின் பேச்சுக்காக அவள் அப்படி முடிவெடுக்கவில்லை. போன வாரம் காய்கறிக் கடையில் நடந்ததுதான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது. நாத்தனாரும் அவளும் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே அந்த ஆலோசகர் வந்தார். கையில் கீரைக்கட்டு. வாராவாரம் இவளைப் பார்த்து “வாங்க” என்று சொல்லும் அதே முகம். அந்தக் கண்கள் இவள்மேல் பட்டன, தக்காளிக் கூடைமேல் படுவதுபோலப் பட்டு நகர்ந்தன. சில்லறை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நம் வீட்டுப் பிள்ளையின் மனசு முழுக்க இவளுக்குத் தெரியும், ஆனால் நம்மைத் தெரியாதாம்... அன்றைக்கு வீடு வரும்வரை அவளுக்குக் காது சூடாகவே இருந்தது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது ஆலோசகரின் அறை. வெளியே குறுகலான ஒரு கூடம். சுவரோரம் நாற்காலிகள். மூடிய கதவின் அருகே தரையில், சின்னப் பானை அளவுக்கு ஒரு கருவி எப்போதும் ‘உஸ்ஸ்’ என்று இரைந்துகொண்டிருக்கும். முதல் நாள், மின்விசிறி ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தாள். “உள்ள பேசறது வெளிய கேக்காம இருக்கத்தாங்க,” என்றார் ஆலோசகர். யாருக்குக் கேட்காமல்? வெளியே உட்கார்ந்திருப்பது இவள் ஒருத்திதானே. அந்த இரைச்சல் தன்மேல் போட்ட தாழ்ப்பாள் என்று அவளுக்குப் பட்டது.

அந்தக் கூடத்தில் வைத்து அந்தப் பெண்மணியை அவள் என்னென்னவோ கேட்டிருக்கிறாள். “என்னைப் பத்தி என்ன சொல்றா?” என்று கெஞ்சியிருக்கிறாள். “ஒரு தாய்கிட்டேருந்து பிள்ளையைப் பிரிக்கிறதுதான் உங்க வேலையா?” என்று ஏசியிருக்கிறாள். ஒருமுறை அழுதும் இருக்கிறாள். அத்தனைக்கும் அவர் அவளருகே வந்து உட்கார்ந்து, “அவ பேசறது அவளோடதுங்க. நான் எடுத்துத் தரக்கூடாது,” என்று மட்டுமே சொல்வார். கோபப்பட்டதில்லை. அவசரமாக எழுந்து போனதும் இல்லை.

மகள் உள்ளே என்ன சொல்கிறாள் என்று தனக்கே தெரியும் என்றுதான் எண்ணியிருந்தாள். என் சித்தப்பாவை அம்மாதான் விரட்டினாள், அம்மாதான் கொன்றாள்... வேறென்ன சொல்லப்போகிறாள்?

அது அப்படி இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. கொழுந்தன் கேட்டுக்கொண்டது அப்படி. கலகலவென்று பேசுகிறவன், பாப்பாவைத் தோளில் தூக்கிச் சுமந்து வளர்த்தவன், கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுகொண்டே போனான். குளிக்க மறந்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் முன்னால் வந்து நின்றான். “அண்ணி, என்னை எங்கேயாவது சேத்துவிடுங்க. மண்டைக்குள்ள இருக்க முடியல. அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். எனக்குப் பைத்தியம்னு அவங்க வாயால கேட்டா நான் செத்துடுவேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா அக்காவுக்குத் தெரிஞ்சிடும். சண்டை போட்டுக்கிட்டுப் போயிட்டேன்னு இருக்கட்டும்.”

யாருடன் சண்டை? அவன் யாருடனும் சண்டை போடுகிறவன் இல்லை. அதனால் “நான்தான் போகச் சொன்னேன்” என்று அவள் சொல்ல வேண்டியதாயிற்று. ஊருக்கு வெளியே இருந்த மனநல மருத்துவமனைக்கு வாராவாரம் அவள் போன பயணத்துக்குத்தான் வீட்டில் தையல் வகுப்பு என்று பெயர். அவன் தேறிக்கொண்டு வந்தான். சிரிக்கத் தொடங்கியிருந்தான். அப்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் இறங்கியது, கொண்டுபோய்விட்டது. வெளியூரில் காய்ச்சல் கண்டு இறந்தான் என்பது மட்டும்தான் வீட்டுக்குத் தெரியும்.

கதவு திறந்தது. “வா,” என்றார் ஆலோசகர் மகளிடம். மகளோடு அம்மாவும் எழுந்தாள்.

“இன்னிக்குத்தான் கடைசி. இனிமே இவ வரமாட்டா. வெளிய எங்களைப் பாத்தா யாருன்னே தெரியாதவங்ககிட்ட எங்க வீட்டு விஷயம் எதுக்கு?”

ஆலோசகர் அவளைப் பார்த்தார். பதிலுக்கு வாதாடுவார் என்று எதிர்பார்த்து அவள் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அவரோ மகள் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன நினைக்கிறே?”

மகள் குடையின் பிடியை முறுக்கிக்கொண்டே நின்றாள். பிறகு, “அம்மாவும் உள்ள வரட்டும்,” என்றாள்.

அம்மா. அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம்... ஆலோசகரே கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அறையில் அவள் கற்பனை செய்து வைத்திருந்த எதுவும் இல்லை. இரண்டு நாற்காலிகள் நேருக்கு நேர் பார்க்காமல் சற்றே சாய்வாகப் போடப்பட்டிருந்தன. ஒருவரையொருவர் பார்க்கலாம், முடியாவிட்டால் ஜன்னலைப் பார்க்கலாம். ஒரு கடிகாரம். கண் துடைக்கக் காகிதப் பெட்டி. மூன்றாவது நாற்காலியை மகளின் பக்கத்தில் போட்டார்.

பிறகு யாரும் பேசவில்லை.

அவளுக்கு முதலில் தாங்கவில்லை. ஏதாவது சொல்லி இந்த வெறுமையை நிரப்ப வேண்டும்போல நாக்கு துடித்தது. வாயெடுத்தவள் ஆலோசகரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் சும்மா இருக்கவில்லை. கைகள் மடியில் கிடந்தன, முகம் அசையவில்லை. ஆனால் அந்த உடம்பு முழுவதும் மகளின் பக்கம் விழித்திருந்தது. இருட்டில் படியிறங்கும் ஒருவருக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் தள்ளமாட்டார், இழுக்கமாட்டார், கையை மட்டும் தாழ்த்தமாட்டார். அப்படி இருந்தது அந்த மௌனம். வீட்டிலும்தான் மௌனம் இருந்தது. அது கல். இது... இதற்கு அவளிடம் பெயர் இல்லை. சத்தமே இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்காக இவ்வளவு பாடுபட முடியுமா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

“நீ தையல் வகுப்புக்குப் போகலம்மா,” என்றாள் மகள்.

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒருநாள் ஸ்கூல் சீக்கிரம் விட்டுட்டாங்க. உன்னை பஸ் ஸ்டாப்புல பாத்தேன். வேற பஸ்ல ஏறினே. நானும் பின்பக்கமா ஏறிட்டேன். கம்பிக் கேட்டு வரைக்கும் வந்தேன். உள்ள தோட்டத்துல பெஞ்சுல சித்தப்பா உக்காந்திருந்தார். நீ அவருக்குத் தலை வாரிட்டிருந்தே. சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிஞ்சு குடுத்துட்டிருந்தார். நீ எனக்கு முதுகு காட்டி நின்னே. அவர் தலையைத் தூக்கினப்ப என்னைப் பாத்துட்டார்...”

குரல் உடைந்தது. ஆலோசகர் அசையவில்லை. அந்த விளக்கு அப்படியே இருந்தது.

“சிரிச்சார்மா. அப்புறம் வாயில விரலை வெச்சார். சொல்லாதேன்னு.”

“பாப்பா...”

“நான் சொல்லல. அடுத்த மாசம் அவர் செத்துட்டார். அத்தை உன்னைத் திட்டுறப்பல்லாம் தொண்டை வரைக்கும் வரும். உன்கிட்ட ஒரு வார்த்தை பேசினாலும் அதுதான் முதல்ல வந்து விழும்னு பயம். சித்தப்பா கடைசியா என்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதானேம்மா... அதான் வாயைத் திறக்காமலே இருந்தேன். அப்படியே பழகிப்போச்சு. அப்புறம் திறக்கணும்னு நினைச்சாலும் முடியல.”

“என்மேல கோபம்னு நெனச்சேனே பாப்பா... நான்தான் அவரைக் கொன்னேன்னு நீ நினைக்கிறேன்னு...”

“கோபமா? நீ அவருக்குத் தலை வாரினதை நான் எத்தனை தடவை கண்ணை மூடிப் பாத்திருக்கேன் தெரியுமா?”

அவள் மகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ஒரே மனிதன் கேட்டுக்கொண்டதற்காக, ஒரே ரகசியத்தை, ஒரே வீட்டில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் காத்து வந்திருந்தார்கள். இருவரும் அழுது முடியும்வரை அந்த மூன்றாவது மனிதர் அங்கே இருந்தார். இருந்தும் நடுவில் வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். “உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

ஆலோசகர் மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்த பிறகே, “தெரியும்,” என்றார்.

“நான் வெளிய உக்காந்து அழுதேன். வாய்க்கு வந்தபடி உங்களை ஏசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னிக்கே...”

“அது அவ வார்த்தைங்க. நான் சொல்லியிருந்தா உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும். மக கிடைச்சிருக்க மாட்டா.”

“உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?”

“இருந்துச்சு.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு, “கடையில நானா வந்து பேசினா, பக்கத்துல இருக்கிறவங்க யாருன்னு கேப்பாங்க. நீங்க ஏதாவது பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதான் நான் முந்திக்கறதில்ல. நீங்க பேசினா நானும் பேசுவேன்,” என்றார்.

அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒருவனுக்காக வாயை மூடிக்கொண்டதில் அவள் முதுகு ஒடிந்திருந்தது. இந்த மெலிந்த பெண்மணி, காலையிலிருந்து மாலைவரை இந்தக் கதவைத் திறந்து திறந்து, வருகிற ஒவ்வொருவருக்காகவும் அந்த மௌனத்தைச் சுமக்கிறார். பிறகு கடைக்குப் போய்க் கீரை வாங்குகிறார். மலையைப் பக்கத்தில் பார்ப்பதுபோல அவளுக்கு மூச்சு நின்று வந்தது.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள். “என்ன, கடைசிக் கச்சேரி முடிஞ்சுதா?”

மகள் ஒரு நாற்காலியை இழுத்து, அத்தையின் முன்னால் சற்றே சாய்வாகப் போட்டு உட்கார்ந்தாள். “அத்தை, சித்தப்பாவைப் பத்திச் சொல்லணும்.” பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

அவள் தயங்கினாள். இறந்தவனுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் அதைக் காக்கப்போய் இந்தப் பிள்ளையின் குரலல்லவா பறிபோக இருந்தது? அவனே இருந்தால் விரலை எடுத்திருப்பான். அவள் தலையை அசைத்தாள்.

மகள் சொல்லி முடித்தபோது கணவரின் செய்தித்தாள் எப்போதோ தரையில் விழுந்திருந்தது. நாத்தனார் அவளைப் பார்த்துக் கேட்டாள்.

“நான் தாங்கமாட்டேன்னு மறைச்சானா... ஏசுவேன்னு பயந்து மறைச்சானா?”

பதில் அவளுக்கே தெரிந்திருந்தது.

“அவனுக்கு நடு வகிடு பிடிக்காது,” என்றாள் நாத்தனார் கடைசியில். “எப்படி வாரிவிட்டே?”

“பக்கவாட்டுலதான்க்கா.”

நாத்தனார் எழுந்து வந்து அவள் கைகளை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. “இந்தக் கையையா நான்... இந்தக் கையையா...” கணவர் பக்கத்தில் வந்து நின்றார். இருவர் தோள்மேலும் ஒவ்வொரு கையை வைத்தார்.

அடுத்த வாரம் மகள் மறுபடியும் மாடியேறினாள். நிறுத்துவது பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

சில நாள் கழித்து, காய்கறிக் கடையில் நாத்தனாரும் அவளும் மகளும் நின்றிருந்தபோது எதிரே அந்த ஆலோசகர் வந்தார். கண்கள் மூவர்மேலும் பட்டு, தக்காளிமேல் படுவதுபோல நகர்ந்தன. அவளுக்கு இந்த முறை காது சுடவில்லை. நம்மைத் தெரியாதவர் போல நடக்க, நம்மை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்...

“அவங்கதான்க்கா,” என்று அவள் மெல்லச் சொன்னதும், “பாப்பா, பேசலாமா?” என்று மகளிடம் குனிந்து கேட்டாள் நாத்தனார். யாரிடமும் சம்மதம் கேட்டறியாத நாத்தனார். மகள் சிரித்துத் தலையாட்டினாள்.

“ஏங்க,” என்று கடையே திரும்பும்படி கூப்பிட்டாள் நாத்தனார். “நல்லா இருக்கீங்களா?”

ஆலோசகர் நின்றார். முகம் மலர்ந்தது. “நல்லா இருக்கேங்க. நீங்க?”

“இருக்கோம்,” என்றாள் நாத்தனார்.

அவர் போன பிறகு கடைக்காரர் தராசை நிறுத்திக் கேட்டார். “யாரும்மா அது?”

நாத்தனார் தக்காளியை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள்.

“எங்களுக்கு வேண்டியவங்க,” என்றாள்.