சல்மா உம்மாவுக்காக ஒரு மொறிஸ் மைனர்

அது 1981ஆம் ஆண்டு. மாரி மழை கல்முனை மெயின் ரோட்டை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்த பின்னேரம். ஷரிபுதீனின் கராஜுக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் பழைய மொறிஸ் மைனர் ஒன்று விழுந்து எழும்பி நின்றது. விழுந்த சத்தத்திலேயே குலுக்கலைத் தாங்கும் பின்பக்கத்து ஷொக் இரண்டும் போய்விட்டன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சில்லைப் பார்க்கத்தான் குனிந்தான்... பார்த்தது என்னவோ பின்கண்ணாடிக்கு அப்பால் இருந்த இரண்டு கண்களை. முக்காட்டு நுனியில் மழைத்துளி தொங்க, தாயின் தலையை மடியில் தாங்கியபடி அவள் கோபமாகப் பார்த்தாள்.

“இந்தப் பள்ளத்த மூடினா உங்களுக்கு வேலை வராதோ?”

“ரோட்டு என்ட வாப்பாட சொத்தில்ல” என்றான் அவன்.

அவள் சுபைறா. காரோட்டி வந்தவர் அவளுடைய வாப்பா, புடவைக்கடை மீராமுகைதீன். மனைவி சல்மா உம்மாவுக்கு முதுகெலும்பில் நோவு, வாராவாரம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், இந்தக் குலுக்கலில் உயிர் போகிறது என்றார். பழைய ஷொக்கைத் திருத்திப் பிரயோசனமில்லை, ஜப்பான் வாகனத்துக் குழாய் ஷொக்கைப் பூட்டலாம் என்றான் ஷரிபுதீன். அவரும் தலையாட்டினார்.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய வாகனச் சாமான் கடைகளுக்குப் போய், சாமான் ஏற்றும் ஜப்பான் வாகனமொன்றின் ஷொக் இரண்டைக் கொண்டுவந்தான். பொருந்துவதற்கு இரும்புத் தகடு வெட்டி ஒட்டினான். நல்ல இறுக்கமான ஷொக். எட்டுப் பேருக்குக் குறைந்து எந்தக் கார் இந்தப் பக்கம் ஓடியிருக்கிறது? அறுவடை வந்தால் பின்சீற்றைக் கழற்றிவிட்டு நெல்லையும் அல்லவா ஏற்றுவார்கள்? அப்படித்தான் அவன் நினைத்தான். நாலு மூட்டை நெல்லை ஏற்றி நற்பிட்டிமுனை வரை ஓடியும் பார்த்தான். பின்பக்கம் அசையவேயில்லை. அன்று முழுக்க அவன் கால் தரையில் படவில்லை.

அடுத்த வாரம் மட்டக்களப்பிலிருந்து திரும்பிய கார் கராஜ் வாசலில் நின்றது. உள்ளே சல்மா உம்மா அழுதுகொண்டிருந்தார். சுபைறா இறங்கி நேரே அவனிடம் வந்தாள்.

“நீங்க நெல்லு மூட்டைக்குப் பூட்டியிரிக்கிறீங்க. எங்கட உம்மா நெல்லு மூட்டை இல்ல.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஷரிபுதீனுக்கு முகம் சிவந்தது. சாமான் திறம், ரோட்டுத்தான் பிழை என்று சொல்லிவிட்டான். அவள் கண்கள் நிறைந்தன... முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

சல்மா உம்மா இனி அந்தக் காரில் ஏறமாட்டாராம் என்று கதை வந்தது. அந்த வாரத்து வைத்தியமும் தவறிப்போனது. மீராமுகைதீனோ புது ஷொக்கைப் பற்றிக் கடைத்தெரு முழுக்கப் பெருமையடித்தவர், வேறு கராஜுக்குப் போவாரா? மனுசி நோவைக் கூட்டிச் சொல்கிறாள் என்றே நின்றார். ஷரிபுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. வீம்பு ஒரு பக்கம் இழுக்க, நிறைந்த அந்தக் கண்கள் மறுபக்கம் இழுத்தன.

கடைசியில் ஒருநாள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அவர்கள் வீட்டுக்கே போனான். குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஒரு வாலிபன் தனியே போனால் ஊர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. உம்மா படுக்கிற மாதிரியே நான் பின்சீற்றில் படுக்கிறேன், நீங்கள் ஓட்டுங்கள் என்று மீராமுகைதீனிடம் கேட்டான். முதல் மதகிலேயே விசயம் உறுதியாகிவிட்டது. பாரமில்லாத காரில் அந்த ஷொக் கொஞ்சமும் இளகவில்லை, ஒவ்வொரு கல்லும் நேரே எலும்பில் குத்தியது. இரண்டாவது மதகில் தலை கதவில் மோதியது.

நெற்றி வீங்கத் திரும்பி வந்து, பிழை தன்னுடையதுதான் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னான். திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தரம் மோதிக்கொள்ளவும் அவன் ஆயத்தமாக இருந்தான்.

மறுபடியும் பஞ்சிகாவத்தை. இந்த முறை சின்னக் காரின் மெத்தென்ற ஷொக். கூட்டாளியை ஓட்டச்சொல்லி, நெல் மூட்டைக்குப் பதிலாகத் தானே படுத்துப் பார்த்தான். சுபைறா கெஞ்சிக் கூத்தாடி உம்மாவை ஏற்றினாள். அன்று பின்னேரம் கார் திரும்பிவந்து கராஜடியில் நின்றது. மீராமுகைதீன் தேயிலை வாங்க எதிர்க்கடைக்குப் போனார். சுபைறா கண்ணாடியை இறக்கினாள். உம்மா அவள் மடியில் கண்மூடிக் கிடந்தார்.

“களுவாஞ்சிக்குடியில தூங்கினவ... இன்னும் முழிக்கல்ல. பிழையெண்டு உங்களுக்கு அண்டைக்கே தெரியாதா?”

“தெரியும். நீங்க சொன்ன உடனேயே தெரியும்.”

“பிறகென்ன?”

“வேற ஆரும் சொல்லியிருந்தா ஒத்துக்கொண்டிருப்பன். நீங்க... என்னை வேலை தெரியாதவனெண்டு நினைச்சிருவீங்களெண்டு பயந்தன்.” ஒயில் கையைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான். “உங்கள எனக்கு விருப்பம்.”

அந்தக் கிழக்குக் கரையில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழவும் வருவான். அதனால் இதற்கு மேல் அவனால் செய்ய ஒன்றுமில்லை. காத்து நின்றான்.

சுபைறா மெதுவாகக் கேட்டாள்: “வாப்பாவ மாப்பிள்ளை கேட்டு அனுப்பினா... உங்கட உம்மா கதவத் திறப்பாவா?”

“நானே திறப்பன்.”

சல்மா உம்மா கண்ணைத் திறக்கவில்லை. வாயை மட்டும் திறந்தார்.

“வெள்ளிக்கிழம அனுப்புறன். இப்ப கண்ணாடிய உயத்து புள்ள, ஆக்கள் பாக்கிறாங்க.”