ஏழாவது வாரத்தில் ஒரு சிவப்பு பல்ப்

டெலிபோன் அடித்தது.

ஒன்று... இரண்டு... ஏழு...

கணேசலிங்கம் எடுக்கவில்லை. ஞாயிறு காலை பத்தரை மணி. அவருடைய உள்ளங்கையில் ஒரு விதை இருந்தது. மிளகை விடச் சிறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது தடவை அடித்தபோது எடுத்தார்.

"அண்ணை, விதை பிடிச்சிட்டுதாம்?"

லவாலிலிருந்து முதலாளி கிருபானந்தன்!

"தம்பி... ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னா என்ன? பன்னிரண்டுக்கு நானே வாறன்."

அந்த 'நானே'தான் கணேசலிங்கத்தைக் கதிரையில் உட்கார வைத்தது.

விஷயம் இதுதான். நல்ல சரக்கை எடுக்கக் கிருபானந்தனின் டிரைவர் வருவான். பழுதான சரக்கைப் பார்க்க மட்டுமே கிருபானந்தன் நேரில் வருவான். போன வருடம், இதே தொழில் செய்த சவிரிமுத்து வீட்டுக்கு நேரில் போனான். ஏப்ரலில் ஐஸ் உருகியபோது சவிரிமுத்து ஆற்றில் மிதந்தார்.

இது 2006 பெப்ரவரி. வில்லரே என்ற நகரப் பகுதியில் அந்தத் தெருவின் கூரைகளில் எல்லாம் முழங்கால் அளவு ஸ்நோ. கணேசலிங்கத்தின் கூரையில் மட்டும் ஒரு கரண்டி கூட இல்லை! பேஸ்மென்டில் கறிவேப்பிலைக் கன்றுகளுக்குச் சூடான லைட் போட்டிருப்பதாக அவர் மனைவி கௌரி சொல்லிவைத்திருந்தாள். தெரு நம்பியது போல நடித்தது. மூன்று வருடத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு கறிவேப்பிலை யாருக்கும் வந்ததில்லை.

வந்திருந்தால் அல்லவா ஆச்சரியம்!

கீழே இருந்தது நாற்பத்திரண்டு கஞ்சாச் செடிகள். முக்கால் பங்கு இண்டிகா, கால் பங்கு வேறு இனம். குட்டை உடம்பு, அகன்ற இலை. குடித்தால் தலை பறக்காது. கால் இரண்டும் பூமிக்குள் இறங்கும். கணேசலிங்கமே சனிக்கிழமைகளில் ஒரு சுருட்டு சுற்றி, முதுகுவலி மறந்து, சோபாவோடு சோபாவாகிப் போவார்.

பூக்கும் எட்டு வாரமும் செடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் கும்மிருட்டு. இருட்டு நேரத்தில் வெளிச்சம் கசிந்தால் பூ குழம்பி விதை வைத்துவிடும். விதை வைத்த பூவை ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

இன்று ஏழாவது வாரம்.

வெளிச்சம் எங்கே கசிந்தது?

கணேசலிங்கம் கீழே ஓடினார். செடிகளுக்கு உறுத்தாத பச்சை டார்ச்சை அணைத்துவிட்டு, இருட்டில் நின்று கண்ணைப் பழக்கினார்.

மூலையில்... சிவப்பாய்... ஒரு கண்!

பிள்ளையார் படம். அதன் கீழே இரவு பகலாக எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்ப்.

தைப்பொங்கலன்று கௌரி வைத்தது. தொழில் நடக்கிற இடத்தில் சாமி இல்லாமலா என்று கேட்டாள். கதவு இடுக்கு, சாவித் துவாரம் எல்லாவற்றுக்கும் கறுப்பு டேப் ஒட்டிய மனுஷன், சாமி விளக்கை அணைக்க மட்டும் பயந்துவிட்டார். சாமி வெளிச்சம் என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டார்.

செய்துவிட்டது.

மேலே வந்தவர் குசினி வாசலில் சாய்ந்தார்.

"கௌரி, நான் முடிஞ்சன். உம்மட பல்ப்தான்..."

கௌரி ஆட்டிறைச்சிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"வரட்டும். சாப்பிடாமப் போக விடுறதே?"

"அவன் சாப்பிட வரேல்லையப்பா. பிள்ளை எங்க?"

மகள் வினோஜாவைக் காலையிலேயே சிநேகிதி வீட்டில் விட்டாயிற்று என்றாள். கணேசலிங்கம் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். எதிரே ஒரு பிளம்பர் வேன் நின்றது. யார் வீட்டு சிங்க் எப்போது அடைத்தது என்று எல்லோருக்கும் தெரிந்த தெரு அது. அன்று ஒருவர் வீட்டிலும் எதுவும் அடைக்கவில்லை.

அவருக்கு அதை யோசிக்க நேரம் இருக்கவில்லை.

சரியாகப் பன்னிரண்டு.

கிருபானந்தன் வந்தான். அகன்ற தோள். அடக்கமான சிரிப்பு. நம்முடைய வீட்டு வாசலில் கொலைகாரனும் சப்பாத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும். பூட்ஸைக் கழற்றினான். தடித்த ஜாக்கெட்டைக் கௌரி கை நீட்டி வாங்கினாள். கொக்கியில் மாட்டியபோது அதன் உள் பையில் இருந்தது சுவரில் முட்டியது.

ணங்!

அது துப்பாக்கி என்று கணேசலிங்கத்துக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"முதல்ல செடியைப் பாப்பம்," என்றான் கிருபானந்தன்.

"ஒன்றரைக்குத்தான் லைட் வரும் தம்பி. பாதி தப்பியிருந்தாலும் இருக்கும். இருட்டைக் கெடுத்து அதையும் பழுதாக்காதேங்கோ. முதல்ல சாப்பிடுங்கோ, பேந்து பாக்கலாம்," என்றாள் கௌரி.

கிருபானந்தன் தொழில் தெரிந்தவன். மறுக்க முடியவில்லை. அதோடு அந்த மணம்!

இரண்டு தரம் கறி போட்டுச் சாப்பிட்டான். மூன்றாம் தரம் சட்டியைத் தானே இழுத்தான். கணேசலிங்கத்துக்கு ஒரு பிடி கூட இறங்கவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் கிருபானந்தன், சவிரிமுத்து எவ்வளவு நன்றாக நீந்துவார் என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஒன்றேகால். டீ குடித்தான். சோபாவில் உட்கார்ந்தான்.

ஒன்றரை. கீழே லைட்டுகள் கிர்ர்ரென்று எரிந்தன. கணேசலிங்கம் ஒரு பூவைக் கொண்டுவந்து நீட்டினார். கிருபானந்தன் நகத்தால் பிளந்தான். இரண்டு விதைகள் மடியில் விழுந்தன.

"அண்ணை... ஜாக்கெட் போடுங்கோ. ரெண்டு பேரும் ஆத்தடிக்கு ஒருக்காப் போட்டு வருவம்."

எழும்பப் பார்த்தான்.

கால் எழும்பவில்லை!

மறுபடி முயன்றான். சோபா விடவில்லை. கண் இமைகள் ஈயமாய்த் தொங்கின.

"அக்கா... கறிக்குள்ள... என்ன?"

"ஊரில ஆட்டிறைச்சிக்கு வாசத்துக்கு ஒரு இலை போடுறவை தம்பி. நான் நாலு பிடி பூவை நெய்யில தாளிச்சுப் போட்டனான். உங்கட சரக்குத்தான்."

கணேசலிங்கம் வாயைப் பிளந்தார்.

"விதை பிடிச்ச விஷயத்தை இவனுக்கு ஆர்..."

"நான்தான். நேற்று டிரைவரிட்டச் சொல்லிவிட்டனான். பல்ப்பும் தெரிஞ்சுதான் வைச்சனான். உங்கட கொப்பியில நீங்களே எழுதியிருக்கிறியள், சிவப்பு வெளிச்சம் ஆகாது எண்டு."

"ஏனப்பா?"

"பழுதான சரக்குக்கு மட்டும்தானே இவர் வருவார்? வராட்டி எப்பிடிப் பிடிக்கிறது? மூண்டு வருஷமாக் கெஞ்சினன், விடுங்கோ எண்டு. இவர் விடமாட்டார் எண்டியள். சரி, இவர் உள்ளுக்கப் போனா விடுவியள்தானே."

ஜன்னல் சேலைத் திரையை விலக்கினாள். எதிரே வேனின் கதவு திறந்தது. பிளம்பர்கள் இறங்கினார்கள். ஒருவர் கையிலும் ஸ்பானர் இல்லை. துப்பாக்கி இருந்தது.

"என்னையுமே கௌரி?"

"வக்கீலிட்டக் கேட்டனான். வழிக்கு வந்தியளெண்டா ரெண்டு வருஷத்துக்கு மேல போகாதாம். ஆத்துக்குள்ள கிடக்கிறதைவிட உள்ளுக்கக் கிடக்கிறது நல்லம். பிள்ளை வந்து பாக்கலாம்."

கணேசலிங்கம் இரண்டு கையையும் தானே நீட்டினார்.

ஜாக்கெட், அதற்குள் இருந்த இரும்பு, நாற்பத்திரண்டு செடிகள், ஒரு சிவப்பு பல்ப்... எல்லாவற்றையும் போலீஸ் பையில் போட்டு முத்திரை வைத்தது. கடைசியாக ஓர் அதிகாரி கறிச்சட்டியையும் மூடித் தூக்கினான்.

நான்கு பேர் சேர்ந்து கிருபானந்தனை நிமிர்த்தினார்கள். விலங்கு மாட்டியதைக் கூட அவன் கவனிக்கவில்லை. வாசலில் பூட்ஸுக்குள் கால் நுழைக்கையில், குழந்தை போலத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா... பசிக்குது... இன்னும் கொஞ்சம் சோறு கிடக்கோ?"

"கிடக்கு தம்பி," என்றாள் கௌரி. "கறிதான் கோர்ட்டுக்குப் போகுது!"