பள்ளத்துக் கமரா

வாகீசன் வானை நிறுத்தியபோது காலை பத்து மணி. ரொறன்ரோவிலிருந்து வடகிழக்காக இரண்டரை மணித்தியால ஓட்டம். அதில் கடைசி இருபது நிமிடம் சரளைப் பாதை. பாதை முடிகிற இடத்தில் இரும்புப் படலை ஒன்று. அதற்கு அப்பால் காடு. ஒக்ரோபர் முதல் சனிக்கிழமை. மேப்பிள் மரங்கள் இலை பழுத்து நின்றன. இரவு பெய்த மழையில் இலைச்சருகு ஊறி, பழைய தேயிலைச் சக்கை போல மணத்தது.

யூட்சன்தான் முதலில் இறங்கினான். முப்பத்தொரு வயது. முதுகுப் பையில் நான்கு ட்ரெயில் கமராக்கள். நவம்பரில் வேட்டைக் காலம் தொடங்கும் முன் இவற்றை மரங்களில் கட்டிவிடுவார்கள். சூடான உடம்பு எதுவும் முன்னால் அசைந்தால் கமரா விழித்து ஒரு படம் எடுத்து ஃபோனுக்கு அனுப்பும். மான் எந்தப் பக்கத்தால் வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நிலத்துப் பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கி ஒன்பது வருடமாக இங்கே வேட்டைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். வாகீசனும், யூட்சனின் தமையன் அலெக்ஸாண்டரும். போன நவம்பரில் அலெக்ஸாண்டர் இந்தக் காட்டிலேயே செத்துப்போனான்.

“அவர் இருந்த இடத்திலைதான் நானும் இருக்கப்போறன் அண்ணை,” என்று யூட்சன் கோடையில் வந்து கேட்டபோது வாகீசனால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்.

மூன்று கமராக்களைக் கட்டி முடித்தார்கள். நான்காவதைத் தூக்கிக்கொண்டு யூட்சன் பள்ளத்துக்குள் இறங்கினான்.

“உதுக்கை வேண்டாம்,” என்றான் வாகீசன்.

“ஏன் அண்ணை? தடமெல்லாம் இதாலைதானே போகுது.”

பள்ளத்தின் நடுவில் நின்ற பெரிய மேப்பிளை யூட்சன் தடவிப் பார்த்தான். குரல் தணிந்தது.

“இதிலைதானே சாய்ஞ்சிருந்தவர்?”

“ஓம்.”

“மரத்து இருக்கையாலை ஏணியடியிலை விழுந்தவர் நாப்பது மீற்றர் ஊர்ந்து வந்திருக்கிறார். றோட்டுப் பக்கம் போகப் பாத்திருப்பார், பாவம்.”

வாகீசன் நிலத்தைப் பார்த்தான். றோட்டு அந்தப் பக்கம் இல்லை.

“உங்கடை வோக்கிரோக்கியிலை பற்றறி முடிஞ்சது எங்கடை கெட்ட காலம்,” என்றான் யூட்சன், மேப்பிளுக்கு எதிரே நின்ற மரத்தில் கமராவின் பட்டியை இறுக்கிக்கொண்டே. “நீங்கள் அதை மனசிலை வச்சுக் கரையாதேங்கோ அண்ணை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை.”



வோக்கியில் பற்றறி முடியவில்லை.

அன்று காலை வாகீசன் தன் மரத்தில், இருபதடி உயரத்தில் கட்டிய இருக்கையில் இருந்தான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், முந்நூறு மீற்றர் தள்ளி, அலெக்ஸாண்டர். ஒன்பது வருடத்தில் காணாத ஒரு கொம்பன் மான் புதருக்குள்ளிருந்து தலையை நீட்டிய அதே கணத்தில் நெஞ்சுப் பையிலிருந்த வோக்கி கரகரத்தது.

“வாகீசு… விழுந்திட்டன் மச்சான். வா.”

மான் காதை நிமிர்த்தியது. வாகீசன் மணிக்கூட்டைப் பார்த்தான். எட்டு நாற்பத்திரண்டு.

“வாகீசு, எழும்ப ஏலாமக் கிடக்கு.”

அஞ்சு நிமிசம், என்று வாகீசன் நினைத்தான். அஞ்சே நிமிசம்.

“மச்சான்…”

பெருவிரலால் குமிழைத் திருகி அணைத்தான்.

ஐந்து நிமிடம் நாற்பதானது. மான் விழுந்தது. இறங்கிப்போய்க் குடல் எடுத்து, கொம்பைப் பிடித்தபடி ஃபோனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டான். வோக்கியைத் திரும்பப் போட்டபோது மணி பதினொன்று. அதில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளுக்குள் இரத்தம் போயிருக்கிறது, இரண்டு மணித்தியாலம் வரை உயிர் இருந்திருக்கும் என்றார்கள் வைத்தியர்கள். பொலிசுக்கும், அலெக்ஸாண்டரின் மனைவி செலீனுக்கும், செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கும் வாகீசன் ஒரே வசனத்தைத்தான் சொன்னான். பற்றறி முடிஞ்சுபோச்சு.

எல்லோரும் நம்பினார்கள். செலீன் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை வாகீசன் பிறம்ரனில் வேலை செய்யும் வெயர்ஹவுஸில் நின்றான். பதினான்கு வருடம் அவனும் அலெக்ஸாண்டரும் ஒரே ஷிஃப்டில் நின்ற இடம். ஃபோன் அதிர்ந்தது. பள்ளத்துக் கமரா.

படத்தில் ஒன்றுமில்லை. சருகு, தூரத்தில் ஏணி, வெளிச்சம். கீழே நேரம்: 8:42.

ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. அதிலும் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. கடைசிப் படம் 10:51க்கு வந்தது. அதன்பின் கமரா அன்று முழுக்க விழிக்கவில்லை.

“காத்துக்குக் கிளை ஆடியிருக்கும்,” என்றான் யூட்சன் ஃபோனில். அவனுக்கும் அதே படங்கள் போகின்றன. “எண்டாலும் பாருங்கோ அண்ணை, இது சூட்டுக்குத்தானே வேலை செய்யிறது?”

செவ்வாயும் அப்படியே. எட்டு நாற்பத்திரண்டிலிருந்து பத்து ஐம்பத்தொன்று வரை.

வாகீசன் விரலால் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வெறும் படங்கள்தான். ஆனால் சருகு ஒவ்வொன்றிலும் மாறியிருந்தது. ஏணியடியிலிருந்து ஒரு கோடு. அடுத்ததில் அது கொஞ்சம் நீண்டிருந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

மேப்பிளடியில் அது நின்றது.

பத்து ஐம்பத்தொன்று. அவன் வோக்கியைத் திரும்பப் போடுவதற்கு ஒன்பது நிமிடம் முன்.

புதன்கிழமை மான்கள் வந்தன. நான்கு பிணைமான்கள், ஒரு குட்டி. மேயவில்லை. எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பி, நிலத்தில் கிடக்கும் எதையோ பார்த்துக்கொண்டு நின்றன. அடுத்த படத்தில் இன்னும் கிட்ட வந்திருந்தன. கடைசிப் படத்தில் அவை மேப்பிளைச் சுற்றிப் படுத்திருந்தன, நோயாளியின் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர் இருப்பதுபோல.

நடுவில் ஓராள் அளவுக்கு இடம் விட்டு.

வாகீசன் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு சுவரில் நெற்றியை வைத்தான். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். மிருகம் செய்ததை அவன் செய்யவில்லை.

வியாழன் பின்னேரம் யூட்சன் ஃபோன் எடுத்தான்.

“அண்ணை, நான் ஒரு வேலை செய்தனான். பள்ளத்துக் கமராவை வீடியோவுக்கு மாத்தி விட்டிருக்கிறன். சத்தமும் பிடிக்கும். நாளைக்குப் பாப்பம், என்னெண்டு.”

“தேவையில்லை யூட்சன். படமே போதும்.”

“ஏன் அண்ணை?”

வாகீசன் ஃபோனை வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு விடியமுன் அஜின்கோர்ட்டிலுள்ள வீட்டிலிருந்து புறப்பட்டான். கமராவைக் கழற்றிவிட வேண்டும். கரடி அடித்துவிட்டது என்று சொல்லலாம். யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். வழி முழுக்கப் பொய்களை ஒவ்வொன்றாக எடுத்து, நல்லது எது என்று பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

படலையடியில் வந்து நின்றபோது நன்றாக விடிந்திருந்தது. வெயில் இலைகளுக்கூடாக மஞ்சளாக விழுந்தது. ஒரு குருவிச் சத்தம் கிடையாது. பள்ளத்துக்குள் இறங்க இறங்கக் குளிர் கூடியது. கமராவின் பட்டியில் கை வைத்தான். விரல்கள் மரத்துப்போய் கொளுக்கி பிடிபடவில்லை.

சருகு சரசரத்தது.

மான்கள். நான்கு பிணைகளும் குட்டியும் மரங்களுக்கிடையில் வந்து நின்றன. மனித வாடை பட்டும் ஓடவில்லை. அவனை ஒருதரம் பார்த்துவிட்டு ஏணிப் பக்கம் திரும்பின.

கோடாலித் தைலம் மணத்தது. முழங்கால் உளைவுக்கு அலெக்ஸாண்டர் ஒவ்வொரு வேட்டைக்கும் தேய்த்துக்கொண்டு வரும் தைலம்.

தொம்.

ஏணியடியில் ஏதோ கனமாக விழுந்த சத்தம். அங்கே ஒன்றும் இல்லை.

பிறகு இழுவைச் சத்தம். சருகு ஒரு முழம் அமுங்கியது. நின்றது. மூச்சு வாங்கும் ஓசை. மறுபடி ஒரு முழம்.

அது மேப்பிள் பக்கம் வந்தது.

அவன் நின்ற பக்கம்.

“வாகீசு…”

வோக்கியின் கரகரப்பு இல்லாத குரல். பக்கத்து மேசையிலிருந்து கூப்பிடுவது போல.

“விழுந்திட்டன் மச்சான். வா.”

ஒரு சொல் போதும். வாறன் என்ற ஒரு சொல். வாகீசனின் வாய் திறந்தது. மான்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றன.

அவன் ஓடினான்.

இந்தமுறையும் விட்டுவிட்டு ஓடினான். மேட்டில் விழுந்து, எழும்பி, படலையைத் தாண்டி வானுக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டபோது ஃபோன் அடித்தது. யூட்சன்.

“அண்ணை.” அவன் குரல் நடுங்கியது. “வீடியோ வந்திருக்கு. நீங்கள் அங்கை நிக்கிறியள்.”

வாகீசன் படலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அது அண்ணான்ரை குரல். உங்களைத்தான் கூப்பிடுறார். விழுந்திட்டன், வா எண்டு கூப்பிடுறார்,” என்றான் யூட்சன். “நீங்கள் ஏன் ஓடுறியள் அண்ணை?”

செலீனின் வீடு வெக்ஸ்போர்ட்டில், ஐந்தாம் மாடி. வாகீசன் போனபோது யூட்சன் அங்கே இருந்தான். மேசையில் ஃபோன். செலீன் அதை ஏற்கனவே கேட்டிருக்கிறாள் என்று அவள் இருந்த இருப்பிலேயே தெரிந்தது.

வாகீசன் சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். கொம்பனைச் சொன்னான். குமிழைச் சொன்னான். குடல் எடுத்ததையும் படம் எடுத்ததையும் சொன்னான். யூட்சன் பாதியில் எழும்பி ஜன்னலடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“எத்தினை தரம் கூப்பிட்டவர்?” என்று கேட்டாள் செலீன்.

“மூண்டு தரம்.”

“மூண்டு மட்டுமோ?”

“மூண்டாவதோடை நான் நிப்பாட்டிப்போட்டன்.”

செலீன் தலையை ஆட்டினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அப்ப நாலாவதை ஒருத்தரும் கேக்கேல்லை,” என்றாள்.

அடுத்த நாள் வாகீசன் பொலிசுக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுத்தான். அதிகாரி வாசித்தார், நிமிர்ந்து அவனைப் பார்த்தார், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார். அவ்வளவுதான். பிறகு வெயர்ஹவுஸிலும் கதை பரவியது. சாப்பாட்டு மேசையில் அவன் வந்து இருந்தால் மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழும்பிப் போனார்கள். வேட்டைத் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தான். அந்த வருடம் ஒருவரும் வேட்டைக்குப் போகவில்லை.

ஒக்ரோபர் கடைசியில் செலீன் ஃபோன் எடுத்தாள்.

“கல்லறைத் திருநாளுக்கு அந்த இடத்திலை மெழுகுதிரி கொழுத்த வேணும். கூட்டிக்கொண்டு போங்கோ.”

“யூட்சனுக்கு இடம் தெரியும்…”

“தெரியும். நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்.”

நவம்பர் இரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இரவு முதற்பனி மெல்லிசாகக் கொட்டியிருந்தது. மூன்று பேரும் படலையைத் தாண்டி நடந்தார்கள். வெள்ளையில் அவர்களுடைய காலடிகளைத் தவிர வேறொரு தடமும் இல்லை.

செலீன் மேப்பிளடியில் மெழுகுதிரியைக் கொழுத்திவிட்டு, பனிக்கு மேலேயே இருந்து செபமாலையை எடுத்தாள். எட்டு நாற்பத்திரண்டு வந்தது. போனது. மானும் வரவில்லை, குரலும் வரவில்லை. அவள் பத்து ஐம்பத்தொன்று வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. யூட்சன் குடை பிடிப்பவன்போல அண்ணிக்குப் பக்கத்தில் நின்றான். வாகீசன் தள்ளி நின்றான்.

திரும்பி நடக்கும்போது யூட்சன்தான் முதலில் கண்டான்.

“அண்ணி…”

மேப்பிளுக்குப் பின்பக்கம் தொடங்கியிருந்தது அது. வரும்போது இல்லாதது. ஓர் உடம்பின் அகலத்துக்குப் பனி உழுதுகிடந்தது. இரண்டு பக்கமும் உள்ளங்கைகள் ஊன்றிய குழிகள். தடம் வாகீசனின் மரத்தடிக்குப் போய், அங்கே நில்லாமல் மேட்டில் ஏறி, படலைக்குக் கீழால் நுழைந்து, சரளையைக் கடந்து போயிருந்தது.

வானின் பின்கதவடியில் முடிந்தது. திரும்பிய தடம் இல்லை.

யூட்சன் சிலுவை போட்டுக்கொண்டான்.

செலீன் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். அந்தக் கரையோடு ஒதுங்கி இருந்து, பக்கத்து இடத்தை வெறுமையாக விட்டாள்.

“யூட், நீர் முன்னுக்கு இரும். கதவை மெல்லச் சாத்தும்.” பிறகு வாகீசனைப் பார்க்காமல் சொன்னாள். “பாத்து ஓட்டுங்கோ அண்ணை. அவருக்கு இடுப்பு நோகும்.”

இரண்டரை மணித்தியாலத்து வழிக்கு நான்கு மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வாகீசன் மெல்லப் பிறேக்கை அழுத்தினான். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வெக்ஸ்போர்ட்டில் கட்டடத்து வாசலில் மழை தூறியது. செலீன் இறங்கி, கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வாங்கோ,” என்றாள் உள்ளே பார்த்து, மெதுவாக. “வீடு வந்திட்டுது.”

சாமான் பைகளோடு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய தலை நனைந்தது. நீண்ட நேரம் அப்படியே நின்றாள். கடைசியில் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு முன்கண்ணாடியடிக்கு வந்தாள். அழுதிருந்தாள். ஆனால் குரல் உடையவில்லை.

“இறங்கிறாரில்லை அண்ணை,” என்றாள். “உங்களோடை கூட்டிக்கொண்டு போங்கோ.”

யூட்சனும் இறங்கிப் போனான். வாகீசன் கியரைப் போட்டான். அவனுக்குப் பின்னால், வெறும் இருக்கையில், யாரோ வலியோடு இடுப்பை நகர்த்தி வசதியாகச் சாய்ந்துகொள்ளும் ஓசை கேட்டது.